90 கிலோமீட்டருக்கு இரண்டு நாள்!

திருச்சியிலிருந்து காரைக்குடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். புதுக்கோட்டை வழியாகப் போகும் அரசுப் பேருந்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள். கார் வைத்திருப்பவரைக் கேட்டால் ஒன்றரை மணி நேரம் என்று பெருமையாகச் சொல்வார். இதே வழியை ஒரு வேன் பிடித்து, நண்பர்களை ஏற்றிக்கொண்டு, முழுசாக இரண்டு நாள் செலவழித்துப் போக வேண்டும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அந்த இரண்டு நாளில் ராமேஸ்வரம், கன்னியாகுமரி இரண்டையும் முடித்துவிடலாமே என்கிறார்கள்.

முடிக்கலாம்தான். என்ன பார்த்தீர்கள் என்று மறுநாள் யாராவது கேட்டால்தான் தகராறு. நம் ஊர் குரூப் டூர் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வண்டி கிளம்பும். முன்கண்ணாடிக்குக் கீழே ‘இன்பச் சுற்றுலா’ என்று துணி பேனர், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஒரு கற்பூரம், ‘போலாம் ரைட்’. விடியும்போது எங்கோ ஒரு குளத்தங்கரையில் பல் துலக்கல். அதன் பிறகு இறங்கு, பார், ஏறு. ‘அரை மணி நேரம்தான், யாரும் லேட் பண்ணாதீங்க’ என்று ஒருவர் கத்திக்கொண்டே இருப்பார். ஒரே நாளில் நவக்கிரகத் தலம் ஒன்பதையும் சுற்றிக்காட்டும் டூர்கள் கும்பகோணத்தில் சக்கைப்போடு போடுகின்றன. பக்திக்கு அது சரியாக இருக்கலாம். ஓய்வுக்குக் கிளம்பியவர்களுக்கு அது வேலை நாளைவிட மோசம்.

இந்த ஓட்டத்துக்கு நம் அவசரம் மட்டும் காரணம் இல்லை. வண்டி வாடகைக் கணக்குக்கும் அதில் பங்கு உண்டு. வெளியூர் டூருக்கு வேன் பேசினால், ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று உரிமையாளர் ஒரு கணக்கு வைத்திருப்பார். பெரும்பாலும் 250 அல்லது 300. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கான காசைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் தனி. இந்த இடத்தில்தான் நம் ஆட்களின் மூளை வேலை செய்யத் தொடங்கும். “காசு குடுத்தாச்சு, ஓட்டாம விட்டா நமக்குத்தானே நஷ்டம்? மாப்ளே, அப்படியே ராமேஸ்வரத்தையும் சேர்த்துடு!” இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் பட்டியல் நீள்கிறது. வசூல் நோட்டு வைத்திருப்பவர் முதலில் எதிர்க்க வேண்டியது இந்தச் சபலத்தைத்தான். ஓடாத கிலோமீட்டருக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. நாம் பாறையில் ஏறி இறங்கும்வரை வண்டி வேப்பமரத்தடியில் நமக்காக நிற்கிறதே, அதற்கான கூலி அது.

ஆள் கணக்கு 15 முதல் 20 வரை இருந்தால் உத்தமம். அதற்கு 21 சீட் வேன் பொருந்தும். பெரிய பஸ் எடுத்தால் தலைக்கு வாடகை கொஞ்சம் குறையும். ஆனால் கிராமத்து ரோட்டில் எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்துவிட்டால் அரை மணி நேரம் பின்னாலேயே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நாற்பது பேர் சேர்ந்தால் தானாக நான்கு கட்சி முளைக்கும் என்பது இன்னொரு விஷயம்.

எலுமிச்சம்பழமும் கடைசி சீட்டும்

இந்தப் பக்கத்துக்கும் பஸ்ஸுக்கும் பழைய உறவு. டி.வி.எஸ். குழுமத்தை உருவாக்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1910-களில் பஸ் தொழிலில் இறங்கியபோது, தொடக்க கால வழித்தடங்களில் ஒன்றாக இருந்தது தஞ்சாவூர் – புதுக்கோட்டை. அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். ‘அம்மன் காசு’ என்று சொந்த நாணயமே வைத்திருந்தார்கள். 1948 மார்ச்சில்தான் அது இந்தியாவோடு இணைந்தது. தமிழ்நாட்டுக்காரர்கள் பஸ் பயணத்தை வெறும் போக்குவரத்தாக மட்டும் பார்த்ததும் இல்லை. 1966-ல் வந்த ‘மதராஸ் டு பாண்டிச்சேரி’ படத்தின் பெரும்பகுதி ஒரு பஸ்ஸைச் சுற்றியே நடக்கும். ஓடும் வண்டியும் நாலு விதமான மனுஷர்களும் இருந்தால் கதைக்குப் போதும் என்று அந்தப் படம் காட்டியது. இந்திக்காரர்களும் அதை 1972-ல் ‘பாம்பே டு கோவா’ ஆக்கிக்கொண்டார்கள்.

டூரிஸ்ட் வேனில் யார் எங்கே உட்காருவது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதல் வரிசை மூட்டுவலிக்காரர்களுக்கும், மலைப்பாதையே இல்லாத ஊருக்குப் போனாலும் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும். அடுத்த வரிசை வசூல்காரருக்கு. டிரைவரிடம் அடிக்கடி பேச வேண்டியவர் அவர். நடு வரிசைகளில் குடும்பங்கள். முறுக்கு டப்பா, கடலை மிட்டாய் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். கடைசி சீட்டுக்கு வரும்போது டப்பாவில் தூள்தான் இருக்கும். கடைசி சீட்டு, சந்தேகமே இல்லாமல், பாட்டுக் கோஷ்டிக்கு. குண்டும் குழியும் அதிகம் தெரிவது அங்கேதான் என்றாலும் அந்த இடத்துக்குத்தான் போட்டி. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் இந்தச் சட்டம் தானாகக் கலைந்திருக்கும். பத்து வருடமாக ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசாத இரண்டு பேர் ஒரே சீட்டில் உட்கார்ந்து பல் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்கள். அதற்குத்தான் பஸ். நாலு காரில் நாலு குடும்பமாகப் போனால் இது நடக்காது.

ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: வண்டியில் டிவியைப் போடக் கூடாது. வீடியோ கோச் காலம் மலையேறிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லாத ஊருக்குப் போகிறவர்கள் வேண்டுமானால் படம் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த வழியில் பார்க்க நிறைய உண்டு, பசுமையை மட்டும் எதிர்பார்க்காதவர்களுக்கு. திருச்சி விமான நிலையம் தாண்டி, மாத்தூர், கீரனூர் என்று போகப்போகக் காவிரிக் கரையின் வாழைத்தோப்பு மறைந்து செம்மண் வந்துவிடும். பனை, முந்திரி, கடலைக் காடு, நடுநடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள். மைல் கணக்கில் தைலமரக் காடும் வரும். அது நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் பல காலமாகப் போராடி வருகிறார்கள். வற்றாத ஆறு இல்லாத சீமை. அதனால் பெய்கிற மழையைப் பிடித்துவைக்க ஊருக்கு ஊர் கண்மாய், குளம், ஊரணி என்று வெட்டினார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக உபரி நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்திருந்தால் தை மாதத்தில் இந்த நாடு முழுக்க வானம் கீழே கிடக்கும்.

பாறைக்கு மேலே, பாறைக்கு உள்ளே

முதல் நிறுத்தம் நார்த்தாமலை. காலை எட்டு மணிக்குள் மேலமலை அடிவாரத்தில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். படிக்கட்டு கிடையாது, சரிந்த பாறையிலேயே நடக்க வேண்டும். ஆனால் சிரமம் இல்லை, வழியில் சுனைப் பக்கம் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மேலே போனால் விஜயாலய சோழீச்சரம். 9-ஆம் நூற்றாண்டுக் கற்றளி, மேற்குப் பார்த்த சந்நிதி, சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். வெளியே சதுரமாகத் தெரியும் கோயிலின் கருவறை உள்ளே வட்டமாக இருக்கிறது. பெயர்தான் சோழ மன்னன் விஜயாலயனுடையது. கட்டியவர் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் என்றும், மழையில் இடிந்துபோனதை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்றும் வாசலில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. இந்த வறண்ட ஊரில் மழை ஒரு கற்கோயிலை இடித்தது என்பதைப் படிக்கும்போது கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது.

எதிரே இரண்டு குடைவரைகள். அதில் பெரியதில், சமணர் குடகு என்று ஊர்க்காரர்கள் சொல்வதில், 12 திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. பன்னிரண்டும் அச்சில் வார்த்தமாதிரி ஒரே ஆள். ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிறேன் என்று எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். வண்டிக்காரர் கீழேயிருந்து ஹாரன் அடிக்கவில்லை. அவசரம் இல்லாத டூர் என்று அவருக்கும் முன்பே சொல்லியிருந்தோம்.

அங்கிருந்து சித்தன்னவாசல். பள்ளிக்கூட டூரில் வந்து, பாதி பேர் ஓவியத்தைப் பார்க்காமலேயே திரும்பிய இடம் இது. முதலில் குன்றின் மேல் ஏறுங்கள். கிழக்குச் சரிவில் ஏழடிப்பட்டம் என்று ஒரு இயற்கைக் குகைத்தளம். சமண முனிவர்கள் படுக்கப் பாறையிலேயே வெட்டிய 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணைமாதிரி மேடு. அதில் ஒன்றில் 2,000 ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்து. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த துறவி ஒருவருக்காகச் சிறுபோசில் ஊரைச் சேர்ந்த இளையர் செய்துகொடுத்த இருக்கை என்பது சேதி. மன்னன் புகழ் இல்லை, போர் இல்லை. யாருக்கு யார் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள் என்பது மட்டும். படுக்கையைத் தொட்டுப் பார்த்தால் இன்னும் வழுவழுவென்று இருக்கிறது. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் கீழே கண்மாய்களும் வயலும். காற்று ஆளைத் தள்ளும்.

கீழே இறங்கி, குன்றின் மேற்குப் பக்கம் அறிவர் கோயில். குடைவரைதான். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இதைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தார் என்கிறது கல்வெட்டு. உள்ளே பத்துப் பேர் நின்றாலே நெருக்கம். அதனால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிஷம் கொடுங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள். முதலில் பச்சைத் திட்டுகளாகத்தான் தெரியும். பச்சை மெல்லத் தாமரை இலையாகும். இலைகளுக்கு நடுவே மொட்டு, பாதி விரிந்தது, முழுக்க விரிந்தது. ஊடே நீந்தும் மீன்கள், வாத்து, தண்ணீருக்குள் இறங்கிய யானை, எருமை. குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்களில் ஒருவர் கையில் கூடையும் பூவும். அவர் முகத்தில் ஒரு குறும்பு இருக்கிறது, யாரோ கூப்பிட்டுத் திரும்பியதுபோல. தூண்களில் ஆடல் மகளிர். நிறைய உதிர்ந்துவிட்டது, காலமும் கவனக்குறைவும் சேர்ந்து தின்றதுபோக மிச்சம்தான் நமக்கு. நீரில்லாத குன்றுக்குள் தலைக்கு மேலே ஒரு நிறைகுளத்தை வரைந்து வைத்தவர்கள் யார் என்று தெரியவில்லை. பெயர் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டார்கள்.

மதியச் சாப்பாட்டை ஓட்டலில் தேடாதீர்கள். விடியற்காலையில் வீட்டில் கட்டிய புளியோதரையும் தயிர் சாதமும், வாழையிலையில் மடித்த இட்லியும் மிளகாய்ப்பொடியும் பன்னிரண்டு மணிக்குத்தான் பதத்துக்கு வரும். நிழலுள்ள மரத்தடியாகப் பார்த்து ஜமுக்காளம் விரித்துக்கொள்ள வேண்டியதுதான். நாலு வீட்டுப் புளியோதரை ஒன்றாகும்போது எந்த வீட்டுக் கை உசத்தி என்ற விவாதம் கட்டாயம் வரும். அதில் தீர்ப்புச் சொல்கிறவர் திரும்பி வரும்வரை நிம்மதியாக இருக்க முடியாது. சாப்பிட்டு எறிந்த இலையையும் தட்டையும் ஒரு சாக்கில் அள்ளி வண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை டவுனில் குப்பைத்தொட்டி இருக்கிறது.

குடுமியான்மலை, கொடும்பாளூர், விராலிமலை எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான். ஒன்று இசைக் கல்வெட்டுக்குப் பேர்போனது, இன்னொன்று மூவர் கோயில் இருக்கும் ஊர், மூன்றாவதில் முருகனுக்குச் சுருட்டு படைப்பார்கள். மூன்றையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிட்டோம்.

புதுக்கோட்டை தாண்டி நமணசமுத்திரம் பக்கத்தில் இளங்குடிப்பட்டி ஐயனார் கோயில். போகும் பாதையின் இரண்டு பக்கமும் சுடுமண் குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. சில புதுசு, சில கழுத்து ஒடிந்தவை, சிலவற்றின் முதுகில் செடி முளைத்திருக்கிறது. புரவியெடுப்புத் திருவிழாவில் நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து விடுவார்கள். பழசை யாரும் எடுத்துப் போடுவதில்லை, அதன் போக்கில் மண்ணோடு மண்ணாகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

திருமயத்துக் கணக்கு வழக்கு

மாலை நாலு மணி வாக்கில் திருமயம். ரோட்டோரத்தில் கோட்டைச் சுவரை ஒட்டிக் கோட்டை பைரவர். இந்த வழியில் போகும் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிடாமல் நகர மாட்டார்கள். எங்கள் டிரைவர் அண்ணனும் இறங்கினார். நாங்கள் சொல்லாமல் அவராகவே நிறுத்திய ஒரே இடம் அதுதான். கோட்டை 1687-ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி காலத்தில் கட்டப்பட்டது. ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். உச்சியில் ஒரு பீரங்கி, வெயில் தாழ்ந்த நேரத்துக் காற்று, சுற்றிலும் தெரியும் தண்ணீர்த் திட்டுகள். சுதந்திரப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்தது இந்த ஊரில்தான்.

கோட்டையைவிட எனக்குப் பிடித்தது அடிவாரம். ஒரே பாறையைக் குடைந்து பக்கத்துப் பக்கத்தில் சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும். பள்ளிகொண்ட பெருமாள் பாறையோடு பாறையாகப் பெரிய உருவம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குள் தகராறு வராமல் இருக்குமா? வருமானத்தைப் பிரிப்பதில் சைவருக்கும் வைணவருக்கும் நெடுநாள் வழக்கு இருந்து, 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சளத் தளபதி அப்பண்ணன் காலத்தில் பஞ்சாயத்துப் பேசித் தீர்த்திருக்கிறார்கள். தீர்ப்பைக் கல்லிலும் வெட்டிவைத்தார்கள். வசூல் நோட்டோடு அலையும் எங்கள் நண்பருக்கு இதைக் கேட்டதும் உற்சாகம் தாங்கவில்லை. “பார்த்தியா, கணக்கை எழுதி வச்சாத்தான் உறவு நிக்கும்” என்று சொல்லிக்கொண்டே, காலையில் டீக்கு யார் கொடுத்தது என்று ஆரம்பித்தார்.

ராத்திரித் தங்கலுக்குக் காரைக்குடியில் எல்லா விலையிலும் லாட்ஜ் உண்டு. கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம் என்பவர்களுக்குக் கானாடுகாத்தான் பக்கத்தில் பழைய நகரத்தார் வீடுகள் சிலவற்றை விடுதியாக்கி இருக்கிறார்கள்.

கண்ணாடியைப் பார்த்துப் பிறக்கும் கல்

இரண்டாம் நாள் காலை ஆத்தங்குடி. தரைக்குப் போடும் பூக்கல்லுக்குப் பேர்போன ஊர். பட்டறை என்றால் பெரிய ஆலை இல்லை. ஒரு கொட்டகை, சில ஆட்கள், தண்ணீர்த் தொட்டி. யந்திரச் சத்தமே கிடையாது. வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் விரட்டுவதில்லை.

முதலில் தொழிலாளி ஒரு சதுரக் கண்ணாடித் துண்டைத் துடைத்து வைக்கிறார். அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூவோ கட்டமோ வளைத்த தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்: இதழுக்குச் சிவப்பு, நடுவே மஞ்சள், சுற்றிலும் பச்சை. ஊற்றி முடித்ததும் அச்சை நிதானமாகத் தூக்குகிறார். நிறங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன, கலக்கவில்லை. கை ஒரு இழை நடுங்கினால் பூ கெட்டுவிடும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் உள்ளூர் மணலும் கலந்த பொடியைத் தூவுகிறார். அது குழம்பின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு ஈரக் கலவையைப் போட்டு நிரவி, தட்டி, சட்டத்தைக் கழற்றுகிறார். காயவைத்துப் பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில். மறுபடி காய்ந்ததும் கண்ணாடி கழன்று வந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகம்தான் மேல்பக்கம், அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது, சுடுவது கிடையாது. நடக்க நடக்க மெருகேறும் தரை இது. பூட்டிக்கிடக்கும் வீட்டில் மங்கிவிடும். எங்கள் வண்டியிலும் பூஜை அறைக்கென்று ஒரு சாக்குக் கல் ஏறியது. மறக்காமல் சீட்டுக்கு அடியில், நடுவில் வைக்கச் சொன்னார் டிரைவர் அண்ணன்.

அந்தக் கல் பதித்த வீட்டையும் பார்க்காமல் போகக் கூடாது. ஆத்தங்குடியிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் பெரிய வீடு இருக்கிறது. கானாடுகாத்தானில் தெருத் தெருவாக இருக்கின்றன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் வீடுகள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்த பணம் கப்பலில் வந்த சாமானாக மாறி நிற்கிறது. சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, இன்றும் விரல் வைத்தால் வழுக்கும். முற்றத்தில் விழும் மழைநீரை வீணாக்காமல் ஊரணிவரை கொண்டுபோகும்படி தெருவையே திட்டமிட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பர்மா வியாபாரம் கைவிட்டுப் போனதும் நகரத்தாரின் இந்த வாழ்வு சரிந்தது. இப்போது பல வீடுகளுக்குப் பங்காளிகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் வருகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த காவல்காரப் பெரியவர், எந்தப் படத்தில் எந்த வீடு வந்தது என்று மட்டும் தேதி பிசகாமல் சொன்னார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் எங்கள் பெண்களை அழைத்துப்போய்ச் சமையல்கட்டுப் பக்கம் காட்டினார். “நூறு பேருக்குச் சமைச்ச இடம், இப்ப எனக்கு மட்டும் ஒரு சொம்பு அரிசி” என்றாராம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் ஊருக்குப் போர்டு மாட்டியிருக்கும் ‘செட்டிநாடு’ ஓட்டல் குழம்பின் எரிச்சலுக்கும் இந்த ஊர்ச் சமையலுக்கும் சம்பந்தம் கிடையாது. காரைக்குடியில் வெள்ளைப் பணியாரமும், கவுனி அரிசியும், கும்மாயமும் சாப்பிட்டவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திருப்பத்தூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினோம். கடைசி சீட்டுக்காரர்கள் முதல் நாள் பாடித் தீர்த்ததில் பாதி கண்ணதாசன் பாட்டு. அவர் 1927-ல் பிறந்த சிறுகூடல்பட்டி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது என்று சொன்னதும் மறுபடி தொடங்கிவிட்டார்கள். ஆனால் அடுத்த ஊரில் அந்தப் பாட்டை நிறுத்த வேண்டியிருந்தது.

அது கொள்ளுக்குடிப்பட்டி. 1977-ல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இங்கேதான். வேட்டங்குடிக் கண்மாயும் பெரிய, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களும் சேர்ந்தது. நத்தைகுத்தி நாரை, இராக்கொக்கு, அரிவாள் மூக்கன் எல்லாம் கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். வெடிச் சத்தத்தில் பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடும் என்பதால் இந்த ஊர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம். அவர்களைப் பாராட்டி வனத்துறை தீபாவளிக்கு இனிப்பு கொடுப்பது உண்டு. இந்த ஊர்ப் பிள்ளைகளே மத்தாப்பைக் கூட யோசித்துக் கொளுத்தும்போது, டூர் வந்த நாம் ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது. கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். குழந்தைகள் கிசுகிசுத்துப் பேசியே பறவைகளை எண்ணினார்கள்.

கிளம்புவதற்கு முன்

சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் போகாதீர்கள், பாறை மன்னிக்காது. பறவைக்கும் நீருக்கும் குளிருக்கும் மார்கழி, தைதான் சரி. ஆனால் கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை முதல் வாரம்வரை ஊரில் உள்ள வேன் எல்லாம் சபரிமலைக்குப் போய்விடும். தை பிறந்தால் முகூர்த்தம் ஆரம்பம். தைப்பூசத்தை ஒட்டிப் பழனி பாதயாத்திரைக்காரர்களால் சாலை நிறையும். பொங்கல் வாரத்தில் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டுக் கூட்டம் வேறு. அதனால் தைப்பூசம் முடிந்த பிறகு, முகூர்த்தம் இல்லாத ஒரு சனி, ஞாயிறாகப் பார்த்து இரண்டு மாதம் முன்பே வண்டியைச் சொல்லிவிட வேண்டும். சங்கடஹர சதுர்த்தியாக இருந்தால் பிள்ளையார்பட்டியில் நிற்க இடம் இருக்காது.

இன்னொன்று, எல்லோரும் கணக்கில் விட்டுவிடுவது. குரூப் டூரில் எல்லோரும் அறையில் தூங்குவார்கள், வண்டி ஓட்டுகிறவர் மட்டும் கடைசி சீட்டில் கொசுவோடு படுத்திருப்பார். பேட்டா கொடுத்தாயிற்றே என்று நமக்கும் உறுத்தாது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு என்றும் சொன்னது. வாடகை வேனில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ராத்திரி ஓட்டம், பகலில் காத்திருப்பு, மறுபடி ராத்திரி ஓட்டம் என்று இரண்டு நாள் கண்மூடாத மனுஷனை நம்பித்தான் பதினைந்து, இருபது உயிர் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறது. ஆகவே ராத்திரிப் பயணமே வேண்டாம். விடியற்காலையில் கிளம்புங்கள், இருட்டுவதற்குள் ஊர் சேருங்கள். அறை போடும்போது டிரைவருக்கும் ஒரு கட்டிலும் ஃபேனும் உள்ள அறையைச் சேர்த்துப் போடுங்கள். அந்தச் செலவை வசூல் நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள்.